சஃபையருக்கு அழுகிறோம், பேரனைத் துரத்துகிறோம்

வாரத்துக்கு ஒரு முறையாவது என் கைபேசிக்கு சஃபையர் தியேட்டர் வந்து சேர்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். கீழே, "அது ஒரு பொற்காலம்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே கண்ணீர் விடும் பொம்மைகள். அடுத்த நாள் மூர் மார்க்கெட் வரும். அதற்கடுத்த நாள் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். அனுப்புகிறவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள், அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்.

அதே ஆட்கள் அதே குழுவில் இன்னொரு வகைச் செய்தியும் அனுப்புகிறார்கள். "நம் தெரு முனையில் சாயங்காலம் பத்துப் பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள், போலீஸுக்குச் சொல்ல வேண்டும்." "பார்க் பெஞ்சில் ஒரு பையனும் பெண்ணும் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், வாட்ச்மேன் என்ன செய்கிறான்?" "ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டை அடைத்துவிட்டு ஆட்டம் போடுகிறார்கள், இது என்ன ஊரா?"

இந்த இரண்டு வகைச் செய்தியையும் ஒரே விரல் அனுப்புகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். நாம் இளவட்டமாக இருந்தபோது உட்கார்ந்த இடம் போய்விட்டதே என்று ஒரு கண்ணில் அழுகை. இன்றைய இளவட்டம் உட்காரும் இடத்தைக் காலி செய் என்று மறு கண்ணில் கோபம். இதைக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

முதலில், நாம் எதற்காக அழுகிறோம் என்று பார்ப்போம்.

மவுண்ட் ரோடில் சஃபையர் திறந்தது 1964-ல். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்ட் என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். மல்டிபிளக்ஸ் என்ற சொல் நம் காதில் விழுவதற்கு வெகு காலம் முன்பே மெட்ராஸில் அது இருந்தது. ஆனால் நம் தலைமுறை அதை நினைப்பது எழுபது எம்.எம். திரைக்காக மட்டும் இல்லை. புளூ டைமண்டில் படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். ஒரு டிக்கெட் வாங்கினால் எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மே மாத வெயிலில் ஏ.சி. காற்றுக்காகவே போய், பாதிப் படத்தில் நுழைந்து, அடுத்த காட்சியின் பாதி வரை இருந்துவிட்டு வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். காதலியோடு போனவர்கள் தூக்க வேண்டாம், வீட்டில் இருப்பவர்கள் பார்த்துவிடப் போகிறார்கள்.

கதீட்ரல் ரோடில் டிரைவ்-இன் 1962-ல் வந்தது. கார் ஜன்னலில் தட்டை மாட்டி டிபன் கொடுத்தது நினைவிருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்குக் கார் ஏது? மர நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு காபி சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள்தான் நாம். கதை சொல்லி வாய்ப்புத் தேடிய உதவி இயக்குநர்கள், பையை மடியில் வைத்துக்கொண்டு ரிப்போர்ட் எழுதிய மருந்துக் கம்பெனி ரெப்புகள், கல்லூரியைக் கட் அடித்த மாணவர்கள் எல்லோருக்கும் அதுவே ஆபீஸ், அதுவே மடம்.

மூர் மார்க்கெட் 1900-ல் திறக்கப்பட்டது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுப் பறவை என்று கிடைக்காத சாமான் இல்லை. வாங்கியதைவிட அங்கே நின்றபடியே படித்த பக்கங்கள்தான் அதிகம். அதுவும் போகட்டும், மாநகராட்சிப் பூங்காக்களில் சாயங்காலம் ரேடியோ பாடுமே, அதற்கு டிக்கெட்கூடக் கிடையாது. வீட்டில் ரேடியோ இல்லாத காலத்தில் புல்தரையில் உட்கார்ந்து செய்தியும் பாட்டும் கேட்ட சனங்கள் எத்தனை ஆயிரம்!

நடனமும் இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் பேண்ட் வைத்து ஆடின. நகரத்து ஓட்டல்களில் ஞாயிறு பிற்பகல் ஜாம் செஷன் நடந்தது. சஃபையர் வளாகத்திலேயே நைன் ஜெம்ஸ் என்று ஒரு டிஸ்கோதே இருந்தது. மதுவிலக்குக் காலத்தில் கோல்ட் ஸ்பாட்டைக் குடித்துவிட்டே ட்விஸ்ட் ஆடியிருக்கிறார்கள்.

இந்த இடங்களுக்குள் பொதுவாக என்ன இருந்தது? கட்டடக் கலையா? டிரைவ்-இன்னில் என்ன கோபுரமா இருந்தது? கையில் காசு குறைவாக இருந்த வயதில் நம்மை நெடுநேரம் இருக்க விட்டார்கள். அவ்வளவுதான். "என்ன வேணும்? எதுக்கு உட்கார்ந்திருக்கே? எப்போ எழுந்திருப்பே?" என்று கேட்காத இடங்கள் அவை. நாம் இழந்தது சுவரை அல்ல, அந்த அனுமதியை.

இதில் ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்" என்று எழுதுகிறார்களே, அது முழுப் பொய். ஜாம் செஷனுக்குப் போக இங்கிலீஷும் நல்ல சட்டையும் வேண்டியிருந்தது. டிரைவ்-இன் காபிக்கே யோசித்த குடும்பங்கள் வடசென்னை முழுக்க இருந்தன. பெண்களைக் கேளுங்கள். நம் வீட்டு அக்கா தங்கைகளில் எத்தனை பேர் தனியாக ஒரு மேட்னி பார்த்தார்கள்? பூங்காவில் விளக்கு ஏற்றிய பிறகு உட்கார்ந்தார்கள்? அவர்களுடைய பொற்காலம் மொட்டை மாடியோடும் கோயில் பிராகாரத்தோடும் முடிந்துவிட்டது. ஆகவே அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அதில் நமக்குக் கிடைத்த நல்லதை, அன்று கிடைக்காதவர்களுக்கும் சேர்த்துக் கொடு என்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். நம் அப்பாக்கள் அந்த இடங்களை என்ன சொன்னார்கள்? சினிமாக் கொட்டகை கெட்டுப்போகிற இடம். ஓட்டலில் உட்கார்ந்து காபி குடிப்பது உதவாக்கரைகளின் வேலை. ட்விஸ்ட் ஆடுகிறவன் உருப்பட மாட்டான். இன்று நாம் கண்ணீரோடு அனுப்பும் ஒவ்வொரு படமும் அன்று ஒரு பெரியவர் காறித் துப்பிய இடம்தான். அப்படித் துப்பியவர்களின் வசனத்தை, ஒரு சொல்லும் மாற்றாமல், இன்று நாம் பேசுகிறோம்.

சரி, அந்த இடங்களைக் கொன்றது யார்? இளைஞர்களா?

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. எரிந்த இடத்தில் மார்க்கெட் மறுபடி எழவில்லை. ரயில்வே கட்டடம் வந்தது. இன்றைக்கும் புறநகர் ரயில் கிளம்பும் அந்தப் பகுதிக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். பெயர் மட்டும் மிச்சம். டிரைவ்-இன் இருந்தது தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில். நில விவகாரம் நீதிமன்றம் வரை போய் 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். பூங்கா அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காபியோடு இரண்டு மணி நேரம் பேசிய கூட்டத்துக்கு மாற்று இடம் யாரும் கொடுக்கவில்லை. 1975 ஆகஸ்ட்டில் சென்னைத் தொலைக்காட்சி வந்தது, பின்னால் வீடியோ கேசட் வந்தது, மவுண்ட் ரோட்டின் மனை விலை ஏறியது. சஃபையர் தொண்ணூறுகளில் மூடி, இடிந்து, மனை காலியாகவே பல வருஷம் கிடந்தது. 1961-ல் வந்த சாந்தி 2016-ல் மூடியது. அசோக் நகர் உதயம் 2024-ல் போனது. நடனக் கூடங்கள் ஓய்ந்ததற்கு ஒரு பெரிய காரணம், ஆடிய குடும்பங்களே ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறியது.

தீ, நில வழக்கு, மனை விலை, டிவி, குடிபெயர்வு. இந்தப் பட்டியலில் பைக்கில் சாய்ந்து நிற்கும் பையன் எங்கே இருக்கிறான்? அவன் அப்போது பிறக்கவே இல்லை.

"பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க வேண்டும்" என்று சிலர் மனு எழுதுகிறார்கள். நல்ல காரியம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். மாநிலத்தில் 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் தூணைக் காக்கும், வளைவைக் காக்கும். ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் உட்காரும் உரிமையை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள்? தகரக் கூரையும் மர நிழலுமாக இருந்த டிரைவ்-இன் எந்த நிபுணர் குழு கண்ணிலும் பட்டிருக்காது. கல்லை மட்டும் காப்பாற்றி, அதற்குள் போக இருநூறு ரூபாய் காபி என்றால், அது யாருடைய பாரம்பரியம்?

இப்போது இன்றைய பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். வயது பதினேழு. வீடு இரண்டு அறை. ஒன்றில் தாத்தா பாட்டி, மற்றதில் அப்பா அம்மா. பள்ளி, அதற்குப் பிறகு டியூஷன். நண்பர்களோடு ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். எங்கே போவான்? மாலில் காவலாளி ஏற இறங்கப் பார்ப்பார். சட்டை கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது இன்னும் நிச்சயம். காபிக் கடையில் ஒரு கோப்பையின் விலை அவன் ஒரு வாரப் பஸ் செலவு. பள்ளி மைதானம் மணி அடித்ததும் பூட்டு. அபார்ட்மெண்ட் வளாகத்தில் "பந்து விளையாடக் கூடாது". பூங்காவில் "கூட்டமாக உட்காரக் கூடாது". மெரினாவில் ராத்திரி பத்து மணிக்கு விசில். கடைசியில் தெரு முனையில் நிற்கிறான். அங்கேயும் நம் புகார் போகிறது.

எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் போன வருஷம் ஒரு தீர்மானம் வந்தது. பூங்காவில் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை இளைஞர்கள் கூட்டமாக இருக்கத் தடை கேட்டு மாநகராட்சிக்கு மனு. காரணம், நடைப்பயிற்சி போகும் பெரியவர்களுக்கு இடைஞ்சல். நான் எதிர்த்துப் பேசினேன். என்னோடு சேர்ந்து கை தூக்கியவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பாட்டிமார்கள். மனு போய்விட்டது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் அன்று ராத்திரியே குழுவில் ஒரு படம் போட்டார். பனகல் பார்க், பழைய ரேடியோ. "கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கேட்போமே, அந்த சுகம் இனி வருமா?" என்று எழுதியிருந்தார். வராது சார். நீங்கள் மனு போட்டுவிட்டீர்களே, எப்படி வரும்?

எதிர்ப்பக்கத்து வாதங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"சத்தம் போடுகிறார்கள்." போடுகிறார்கள்தான். நமக்குத் தூக்கம் வேண்டும், ரத்த அழுத்தம் இருக்கிறது, நியாயம். அதற்கு 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதி இருக்கிறது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதை எல்லோருக்கும் அமல்படுத்துங்கள். கட்சிக் கூட்டத்துக்கும் ஆடி மாதக் கூழுக்கும் கல்யாண பேண்டுக்கும் காதை மூடிக்கொள்கிறவர்கள், நான்கு பிள்ளைகளின் கிடாருக்கு மட்டும் நூறுக்குப் போன் செய்வது தூக்கத்துக்காக அல்ல.

"குடி, கஞ்சா." பயம் உண்மையானது, எனக்கும் பேரன் இருக்கிறான். ஆனால் யோசியுங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பூங்காவில் அது அதிகம் நடக்குமா, நாம் துரத்திவிட்டதால் அவர்கள் ஒதுங்கும் பாலத்தடியிலும் கட்டி முடிக்காத கட்டடத்திலுமா? வெளிச்சத்திலிருந்து விரட்டிவிட்டு இருட்டில் கெட்டுப்போகிறான் என்றால் எப்படி?

"பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை." பெண்கள் நிறைய வந்தால்தான் ஒரு இடம் பாதுகாப்பாகும். பூங்காவில் சுத்தமான கழிப்பறை, எரியும் விளக்கு, பெண் காவலர் ஒருவர். இதைக் கேட்டு மனு போட்டால் நானும் வரிசையில் நிற்கிறேன். பெண்ணை வீட்டுக்குள் வைப்பது பாதுகாப்பு அல்ல, நம் அம்மாக்கள் அனுபவித்த பழைய தண்டனை.

"எங்கே போனாலும் செல்போனைத்தானே நோண்டுகிறார்கள்?" ஆமாம். ஏனென்றால் அந்த ஐந்து அங்குலத்தில் மட்டும்தான் அவர்களை யாரும் எழுந்து போ என்று சொல்வதில்லை.

"இந்தத் தலைமுறைக்கு ஊர் மேல் பற்று கிடையாது" என்பது இன்னொரு புலம்பல். 2003-ஐ மறந்துவிட்டீர்களா? மெரினா எதிரே 1914-லிருந்து இருக்கும் ராணி மேரிக் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப் போவதாக அரசு சொன்னது. அந்த வளாகத்துக்குள்ளேயே நாள் கணக்கில் உட்கார்ந்து போராடியவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். திட்டம் கைவிடப்பட்டது, கல்லூரி இன்றும் நிற்கிறது. மவுண்ட் ரோட்டில் ஒவ்வொரு தியேட்டராக விழுந்தபோது நம் தலைமுறை கூடிப் போராடியதாக எனக்கு நினைவில்லை.

அதே மாதிரி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தார்கள், மறு வருஷமே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது. இன்று அங்கே போய்ப் பாருங்கள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையில் வந்து ராத்திரிதான் எழுந்து போகிறார்கள். டிக்கெட் இல்லை, காபி வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐம்பது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைகள் கண்ணீரோடு படம் அனுப்பப் போவது இந்த இடத்தைத்தான். காப்பாற்றினால் கண்ணீரே தேவைப்படாது.

ஆகவே என் கோரிக்கை பெரிதல்ல. மாநகராட்சிப் பூங்காவில் உட்காருவதற்குக் காரணம் கேட்காதே. அரசுப் பள்ளி மைதானங்களை ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடு. சமுதாயக் கூடம் கல்யாணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு சாயங்காலம், பெயரளவு வாடகைக்கு, பாட்டோ நாடகமோ நடனமோ பழக இளைஞர்களுக்குக் கொடு. ஒன்பது மணிக்கு மூடு, சாவி ஒரு பெரியவர் கையில் இருக்கட்டும். நம்மில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் ஆட்கள் இல்லையா? ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ் என்று ஞாயிறு காலை தெருவில் ஆடுகிறார்களே, மாதத்தில் ஒரு நாள் சில மணி நேரம் பால் பாக்கெட்டுக்கு அடுத்த தெரு வழியாகப் போனால் நம் கால் தேய்ந்துவிடாது.

வயதானவர்களின் சொல்லுக்கு இந்த நகரத்தில் இன்னும் மதிப்பிருக்கிறது. கவுன்சிலர் நம் மனுவைப் படிக்கிறார், காவல் நிலையத்தில் நமக்கு நாற்காலி போடுகிறார்கள். அந்த மதிப்பை ஒரு பெஞ்சைக் காலி செய்யவும் செலவழிக்கலாம், ஒரு பெஞ்சைக் கூடப் போடவும் செலவழிக்கலாம். எங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு. போன வருஷத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை எனக்கு மூன்று கைகள் போதாது.